ரப்பர் விலை, சென்செக்ஸ், சினிமா: ஊரின் மனநிலை எங்கே பதிகிறது?

2011 ஏப்ரலில் ரப்பர் ஷீட்டின் விலை கிலோவுக்கு 240 ரூபாயைத் தாண்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையால், திருவட்டார் பக்கம் அந்த நாட்களில் இருந்தவர்களுக்கு அந்த எண் இன்னும் நினைவிருக்கும். டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது கோட்டயம் சந்தையின் ரப்பர் விலையைத்தான். கல்யாணப் பந்தல்கள் பெரிதாயின. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ, போன வருஷத்தைவிடப் பெரிய கானமேளா (பாட்டுக் கச்சேரி) டிரூப்பைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. எங்கள் அப்பாவும் அந்த ஆண்டுதான், மரச்சீனிக் கிழங்கும் வாழையும் நின்ற ஒரு ஏக்கரைத் திருத்தி ரப்பர் தை (கன்று) நட்டார். "ஊரே நடுது, நாம மட்டும் கிழங்கு போட்டுட்டு இருந்தா எப்படி?" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

ரப்பர் மரம் பால் வெட்டுக்கு வர ஏழு ஆண்டு ஆகும். 2011-ல் நட்ட தையில் முதல் பால் 2018-ல்தான் வடிந்தது. அதற்குள் விலை சரிந்து, 2016 பிப்ரவரியில் நூறு ரூபாய்க்கும் கீழே போய், கொஞ்சம் எழுந்து 120, 130 என்று நின்றிருந்தது. வெட்டுக்கூலி போக மிச்சம் பார்ப்பதே சிரமம். 2011-ன் உற்சாகத்தில் எடுத்த முடிவை 2018-ன் விலை வந்து சந்தித்தது.

பொதுமக்களின் மனநிலைக்கும் சந்தைக்கும் உள்ள உறவைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இந்த ஒரு ஏக்கர்தான் முன்னால் வந்து நிற்கிறது. மனநிலை என்று ஒன்று இருக்கிறதா, அது விலையை நகர்த்துகிறதா, சினிமாவிலும் பாட்டிலும் அதை முன்கூட்டியே படித்துவிட முடியுமா என்ற கேள்விகளை உலகத்தில் பலர் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன, அதில் எது நம் ஊருக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பார்ப்போம்.

இந்த விஷயத்தில் துணிச்சலான கருத்தைச் சொன்னவர் அமெரிக்கரான ராபர்ட் பிரெக்டர். பங்கு விலைகள் அலை அலையாக ஏறி இறங்கும் என்று 1930-களில் ரால்ஃப் நெல்சன் எலியட் சொன்னதை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு கோட்டையே கட்டினார். நல்ல செய்தி வந்தால் மக்கள் மகிழ்கிறார்கள், விலை ஏறுகிறது என்பதுதானே நாம் எல்லோரும் நினைப்பது? பிரெக்டர் அதை அப்படியே திருப்பிப் போட்டார். முதலில் சமூகத்தின் மனநிலை மாறுகிறது. அதன் பிறகுதான் செய்திகள் உண்டாகின்றன என்றார். நம்பிக்கை பெருகும்போது பங்கு ஏறும், உடை வண்ணமாகும், பாட்டு துள்ளும், தலைவர்கள் மறுபடி ஜெயிப்பார்கள். அவநம்பிக்கை பெருகும்போது பங்கு விழும், பேய்ப் படம் வரும், சண்டை வரும். பங்குச் சந்தையில் வாங்கவும் விற்கவும் ஒரு நொடி போதும் என்பதால், மனநிலை முதலில் பதிவது அங்கேதான் என்பது அவர் வாதம். 1985-லேயே பாப் கலாச்சாரத்தையும் பங்குச் சந்தையையும் இணைத்து அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார்.

கேட்பதற்கு அழகான கருத்து. அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இதை வைத்து 2010-ல் அவர் சொன்ன ஆரூடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஆயிரத்துக்கும் கீழே விழும் என்றார். அப்போது அது பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் பதினேழாயிரத்தில் நின்றது. அவர் பேச்சைக் கேட்டுச் சந்தையை விட்டு வெளியே நின்றவர்கள், பணம் இரட்டிக்கக் கூடிய ஆண்டுகளை இழந்தார்கள்.

சரி, பெரிய கோட்பாட்டை விட்டுவிடுவோம். சின்னச் சின்னதாக அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கால்பந்தை எடுத்துக்கொண்டது. உலகக் கோப்பையில் ஒரு நாட்டு அணி தோற்று வெளியேறினால், மறுநாள் அந்த நாட்டுப் பங்குச் சந்தை வழக்கத்தைவிட அரை சதவீத அளவுக்குக் குறைகிறது என்று பல நாடுகளின் கணக்கை வைத்துக் காட்டினார்கள். கோல் வாங்கியதால் எந்தக் கம்பெனிக்கும் நஷ்டம் இல்லை. ஆனாலும் விலை இறங்குகிறது. கிரிக்கெட் தோல்விக்கும் இது போன்ற விளைவு உண்டு, ஆனால் சிறியது. வெற்றிக்கு அப்படி ஓர் ஏற்றம் இல்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. துக்கம் விலையில் பதிகிறது, கொண்டாட்டம் அந்த அளவுக்குப் பதிவதில்லை. 2023 நவம்பர் 19-ல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா தோற்ற மறுநாள், மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் லேசாக இறங்கித்தான் முடிந்தது. ஆனால் இந்த ஒரு நாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் இப்படி ஒரு சாயல் தெரியும்.

பாட்டை வைத்தும் பார்த்தார்கள். 40 நாடுகளில் மக்கள் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் கேட்கும் பாட்டுகள் எவ்வளவு உற்சாகமானவை என்று அளந்து, அதைச் சந்தையோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. மக்கள் உற்சாகமான பாட்டுகளைக் கேட்ட வாரத்தில் பங்கு விலையும் கூடுகிறது. அடுத்த வாரம் அந்த ஏற்றம் திரும்பிவிடுகிறது! எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பெரிதாகப் படுகிறது. விலை மறுபடி பழைய இடத்துக்கு வருகிறது என்றால், ஏற்றியது கம்பெனியின் தொழில் இல்லை, வாங்கியவர்களின் மனநிலை என்றுதான் கொள்ள வேண்டும். அதோடு, மனநிலை ஏற்றிய விலை ரொம்ப நாள் நிற்பதில்லை என்பதும் தெரிகிறது.

ட்விட்டரை வைத்துச் சந்தையைக் கணிக்கலாம் என்று 2011-ல் ஓர் ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 86.7 சதவீதம் சரியாகச் சொன்னோம் என்றார்கள். ஆனால் சோதித்துப் பார்த்தது 2008 டிசம்பரின் சில நாட்களில் மட்டும். அந்த முறையை நம்பி லண்டனில் ஒரு முதலீட்டு நிதியே தொடங்கினார்கள், சீக்கிரமே மூடிவிட்டார்கள்.

காரணமும் விளைவும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதற்குப் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஷில்லர் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 1987 அக்டோபர் 19-ல் அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அந்த வாரமே ஷில்லர் முதலீட்டாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்: எந்தச் செய்தியைக் கேட்டு விற்றீர்கள்? பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் தனியாக எந்தச் செய்தியும் மேலே வரவில்லை. விலை விழுகிறது என்பதே அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. பிரெக்டர் சொன்னதுபோல் மனநிலை மட்டும் விலையை நகர்த்துவதில்லை, விலையும் மனநிலையை நகர்த்துகிறது. எங்கள் டீக்கடையில் 2011-ல் நடந்ததும் இதுதான். 240 என்ற எண் உற்சாகத்தைத் தந்தது, உற்சாகம் தை நட வைத்தது. அந்த எண் வந்த காரணமோ எங்களிடம் இல்லை. சீனாவில் கார் விற்பனை கூடியது, கச்சா எண்ணெய் ஏறி செயற்கை ரப்பரும் விலையேறியது. எண்ணெய் 2014-க்குப் பிறகு சரிந்து, 2016 ஜனவரியில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனபோது, இயற்கை ரப்பரையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. விலை ஏறிய காலத்தில் ஆசிய நாடுகளில் நட்ட மரங்களும் ஒன்றாக வெட்டுக்கு வந்தன. எங்கள் ஊர் டீக்கடையின் உற்சாகம் போலவே அங்கேயும் ஒரு டீக்கடை இருந்திருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

2011 ஏப்ரல் 2-ல்தான் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது. ரப்பர் உச்சிக்குப் போனதும் அதே மாதம். யாராவது இந்த இரண்டையும் கோத்து ஒரு கோட்பாடு செய்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மனநிலையைப் பற்றிய பேச்சில் இந்த ஆபத்து எப்போதும் கூடவே வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் நடந்த இரண்டை முடிச்சுப் போடுவது ரொம்ப எளிது.

எல்லா விலையிலும் மனநிலைக்கு ஒரே அளவு பிடி கிடையாது. இதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன். தோவாளை பூச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓணம் வந்தால் கேரள வியாபாரிகள் வந்து குவிவார்கள், விலை மடமடவென்று ஏறும். ஆயுத பூஜை, முகூர்த்த நாள் என்றாலும் அப்படித்தான். பண்டிகை முடிந்த மறுநாள் விலை கீழே கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட நிலையில்லாத சந்தை இல்லை என்று தோன்றும். ஆனால் இதில் மனநிலைக்கு வேலை குறைவு. காலையில் வாங்கிய பிச்சி மாலைக்குள் தலையிலோ சாமி படத்திலோ ஏற வேண்டும். அடுத்த வருஷம் விற்கலாம் என்று யாரும் பூ வாங்கி வைப்பதில்லை. எத்தனை பூ வந்தது, எத்தனை பேருக்கு இன்றைக்கு வேண்டும் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நடக்கும் மீன் ஏலம் இன்னும் ஒரு படி மேலே. மீனும் கெட்டுப்போகும் சரக்குதான். ஆனால் ஏலம் கேட்பவர் நெய்மீனைத் தன் வீட்டுக்குக் கேட்கவில்லை. கேரளத்தில் இருக்கும் பெரிய வியாபாரி என்ன தருவார் என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் நிற்பவர் என்ன கணக்குப் போடுகிறார் என்றும் கணக்குப் போட்டுக் கேட்கிறார். பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1936-ல் பங்குச் சந்தைக்குச் சொன்ன உதாரணம் இதற்கு நெருக்கமானது. பத்திரிகையில் நூறு முகங்களின் படம் போட்டு, அதில் அழகான ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுத்ததோடு ஒத்துப்போகிறவருக்குப் பரிசு. அப்போது நமக்குப் பிடித்த முகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை. மற்றவர்களுக்கு எது பிடிக்கும், அந்த மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஏலத்தில் அது ஓரளவுக்குத்தான் போகும், மாலைக்குள் மீன் ஐஸில் ஏறி லாரியில் போயாக வேண்டும். பங்குக்கும் நிலத்துக்கும் அந்தக் கெடு இல்லை.

ரப்பர் தை, தேசிய நெடுஞ்சாலை ஓரத்து பிளாட், பங்கு எல்லாம் ஒரே வகை. இன்று பணம் போட்டு, பல ஆண்டு கழித்து வரப்போகும் ஒன்றுக்கு இன்றே விலை சொல்கிறோம். எண்ணிப் பார்க்க எதுவும் கையில் இல்லாத இடத்தில்தான் ஊர்ப் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொன் இதில் ஒரு தனி ரகம். உலகத்துக்குப் பயம் வந்தால் பொன் ஏறும் என்பார்கள். 2025 ஜனவரியில் பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியபோது பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இருந்த பயம் வேறு வகை. "இப்பமே எடுத்து வச்சிரணும், பொறவு முடியாது" என்று கடன் வாங்கி நகை எடுத்தவர்களை நான் அறிவேன். உலகத்தின் பயம் ஏற்றிய விலை, இங்கே வேறொரு பயத்தைப் பிறப்பித்தது.

இனி சினிமாவுக்கு வருவோம். சந்தை விழுந்தால் பேய்ப் படம் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1931. அமெரிக்கா பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த அந்த ஆண்டில்தான் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் ஹாலிவுட் திரைக்கு வந்தன. ஆனால் அதே பெருமந்தக் காலத்தில்தான் ஆட்டமும் பாட்டுமான படங்கள் கொடிகட்டின. 1935 முதல் 1938 வரை அங்கே வசூலில் முதல் இடத்தில் இருந்த நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் என்ற சின்னப் பெண். துயரத்தில் இருக்கிறவர் பயமுறுத்தும் படத்துக்கும் போவார், சிரிக்க வைக்கும் படத்துக்கும் போவார். இரண்டையும் அதே மனநிலைக்குச் சான்று என்று சொல்லலாம் என்றால், அந்தக் கோட்பாடு எதையுமே விலக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தமிழில் பார்த்தால் கணக்கு இன்னும் தலைகீழ். பேய்ப் படங்கள், அதிலும் பேயும் காமெடியும் கலந்த படங்கள் வரிசையாக வந்து தியேட்டர்களை நிறைத்தது 2014, 2015 ஆண்டுகளில். 2014 மே 16-ல் சென்செக்ஸ் முதல் முறையாக 25,000-ஐத் தொட்டது, 2015 மார்ச்சில் 30,000-ஐத் தொட்டது. பங்குச் சந்தை சந்தோஷத்தில் மிதந்த நேரத்தில் நாம் காசு கொடுத்துப் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பேய்ப் படங்களின் பெருக்கத்துக்கு எளிய காரணம் இருந்தது: ஒரே பங்களாவில் குறைந்த செலவில் எடுத்துவிடலாம், முதலில் வந்த சில படங்கள் நல்ல வசூலைக் கண்டிருந்தன, குழந்தைகளோடு குடும்பமாக வந்தார்கள்.

ஆனாலும் கலையில் மனநிலை பதிவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பதிகிறது, தாமதமாக. ஒரு படத்தின் கதை ஒருவர் மனதில் விழுந்து, பணம் போட ஆள் கிடைத்து, எடுத்து, தியேட்டருக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகிறது. இன்று நாம் பார்க்கும் படம் மூன்று ஆண்டுக்கு முந்தைய மனநிலையில் கருவுற்றது. பெண்களின் பாவாடை நீளம் பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும் என்று மேல்நாட்டில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நெதர்லாந்தில் இருவர் அதைப் பல பத்தாண்டு கணக்கோடு 2010-ல் சோதித்தபோது, தொடர்பு இருப்பதுபோலத் தெரிந்தது. ஆனால் உடை, பொருளாதாரத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு பின்னால் வந்தது. ரப்பருக்கு ஏழு ஆண்டு, படத்துக்கு மூன்று, கமிட்டி கானமேளாவுக்கு முடிவெடுக்க ஒரு மாதம், போனில் பாட்டை மாற்ற ஒரு நொடி, பங்கை விற்க ஒரு நொடி. ஒரே மனநிலையே எல்லாவற்றிலும் பதிந்தாலும், அவை ஒரே நாளில் வந்து சேராது. ஒன்றைப் பார்த்து மற்றதைக் கணிக்கப் புறப்படுபவர்கள் இந்த வேகங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமான கேள்வி வேறு. சமூகத்தின் மனநிலை என்கிறோமே, எந்தச் சமூகம்?

2004-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. யாரும் எதிர்பாராமல் ஆட்சி மாறியது. வாக்களித்தவர்களில் பெரும் பகுதியினர் விரும்பித்தான் அந்த மாற்றம் வந்தது. நாகர்கோவில் தொகுதி, அன்று அதுதான் பெயர், மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மினைத் தேர்ந்தெடுத்தது. புதிய ஆட்சிக்கு இடதுசாரிகளின் ஆதரவு வேண்டும், அவர்கள் பொதுத்துறைப் பங்குகளை விற்க விடமாட்டார்கள் என்ற அச்சம் மும்பையில் பரவியது. மே 17 திங்கட்கிழமை சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 842 புள்ளிகள் விழுந்தது. வர்த்தகத்தை இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. முடிவில் 565 புள்ளிகள், அதாவது 11 சதவீதம் இழப்பு. நம் ஊரில் வெற்றி ஊர்வலம் போனதும் மும்பையில் கை நடுங்கியதும் ஒரே நிகழ்ச்சிக்குத்தான். ஐந்து ஆண்டு கழித்து, 2009 மே 18-ல், தேர்தல் முடிவைக் கண்டு இரண்டாயிரம் புள்ளிகளுக்கு மேல் துள்ளி, சந்தை சில நொடிகளில் நிறுத்தப்பட்டது. 2024 ஜூன் 3-ல் கருத்துக்கணிப்பை நம்பி 2,500 புள்ளி ஏறி, மறுநாள் உண்மையான முடிவைக் கண்டு 4,389 புள்ளி இறங்கியது. இந்த நாட்களில் நாட்டின் மனநிலை ஓட்டுப் பெட்டியில் இருந்தது. சந்தையில் இருந்தது பங்கு வைத்திருப்பவர்களின் மனநிலை.

அதே 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி, கீழமணக்குடி. கடல் ஏறி வந்து மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்தது. மாவட்டத்தில் இறந்தவர்கள் எண்ணூறு பேர் அளவுக்கு. ஒரே குழியில் பலரை வைத்து மூடிய நாட்கள் அவை. கடற்கரையில் மட்டுமல்ல, மலையோர ஊர்களிலும் ஸ்டாரையும் சீரியல் பல்பையும் இறக்கி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் புது வருஷத்துக்கு யாரும் ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லவில்லை. அந்த வாரத்தில், டிசம்பர் 31-ல், சென்செக்ஸ் 6,600-ஐத் தாண்டி, அதுவரை காணாத உயரத்தில் ஆண்டை முடித்தது.

இதை நான் யார் மேலும் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அந்த வாரம் இந்தியா முழுக்கத் துக்கம் இருந்தது, நன்கொடைகள் வந்து குவிந்தன, தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பிணங்களை எடுத்தார்கள். அந்தத் துக்கம் பொய் இல்லை. ஆனால் விலையில் அது பதியவில்லை. கட்டுமரமும் வலையும் போனதால் குறியீட்டில் உள்ள 30 கம்பெனிகளின் வருமானம் குறையவில்லை, வெளிநாட்டுப் பணம் அந்த மாதங்களில் உள்ளே வந்துகொண்டிருந்தது. குறியீட்டைப் பார்த்து ஒரு நாட்டின் மனநிலையைப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால், எனக்கு அந்த டிசம்பர் 31 நினைவுக்கு வரும்.

இதுவரை சொன்னதில் மனநிலை ஏதோ காற்றுபோல வந்துவிட்டுப் போகிற ஒன்று என்று தோன்றியிருக்கலாம். சில இடங்களில் அது தான் பயந்ததைத் தானே உண்டாக்கிவிடும். அதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரில் இருந்த காலம். 1937-ல் இரண்டு வங்கிகள் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி உருவானது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் மோதல் முற்றியது; வங்கி தள்ளாடுகிறது என்ற பேச்சு பரவியது; பணம் போட்டவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். எந்த வங்கியும் எல்லோருடைய பணத்தையும் ஒரே நாளில் திருப்பித் தர முடியாது, வாங்கிய பணத்தைக் கடனாகக் கொடுத்திருக்கும். 1938 ஜூனில் வங்கி கதவைச் சாத்தியது. ரப்பரிலோ பங்கிலோ பயம் விலையை இறக்கும், பின்னால் ஏறவும் செய்யலாம். வங்கியில் பயம் வங்கியையே இல்லாமல் ஆக்கிவிடும்.

1960-ல் பாலா சென்ட்ரல் வங்கியும் விழுந்த பிறகுதான், 1962 ஜனவரி முதல் இந்தியாவில் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. அப்போது 1,500 ரூபாய் வரை, இப்போது 5 லட்சம் வரை. அந்தக் காப்பீட்டின் பெரிய பயன், அதை யாருக்கும் கொடுக்க வேண்டி வராமல் போவதுதான். பணம் பத்திரம் என்று தெரிந்தால் வரிசையில் நிற்க ஆள் வராது. பங்குச் சந்தையில் குறியீடு 10 சதவீதம் விழுந்தால் வர்த்தகத்தைச் சிறிது நேரம் நிறுத்துவதும் இதற்காகத்தான். 2020 மார்ச் 23-ல் ஊரடங்கு அச்சத்தில் சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்த நாளிலும் 45 நிமிடம் நிறுத்தினார்கள். கூட்டத்தின் மனநிலையை மாற்ற முடியாது, ஆறவிட நேரம் கொடுக்கலாம் என்ற எண்ணம்.

அந்த 2020-க்குப் பிறகு ஒன்று மாறியிருக்கிறது. 2004-ல் நம் ஊர் மனநிலையும் சென்செக்ஸும் தனித்தனி என்றேன். அன்று பங்கு வைத்திருந்தவர்கள் நம்மில் ரொம்பக் கொஞ்சம். 2020 மார்ச்சில் நாட்டில் பங்கு வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி இருந்தன, 2024 முடிவில் 18 கோடியைத் தாண்டின. ஒருவருக்கே இரண்டு மூன்று இருக்கலாம், ஆனாலும் இது பெரிய மாற்றம். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பையன்கள் போனில் பார்ப்பது இப்போது கோட்டயம் விலை இல்லை, நிஃப்டி ஆப்ஷன்; நிஃப்டி என்ற பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. கானமேளா காசு யார் போடுவது என்ற பேச்சில்கூட மார்க்கெட் வருகிறது.

என் தங்கச்சி மகன் 2024 செப்டம்பரில் என்னிடம் சொன்னான், "மார்க்கெட்டு இப்ப நல்ல மூடுல இருக்கு மாமா. இந்த நேரத்துல போடலேன்னா பொறவு எப்ப?" அவன் அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்து அனுப்பும் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஆப்ஷனில் விளையாடிக்கொண்டிருந்தான். அதே மாதம்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு கணக்கை வெளியிட்டது: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் சேர்ந்த பங்கு முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நான் அவனுக்கு அதைக் காட்டினேன். மூடு நன்றாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த மூடுக்கு நீ தரும் விலை ஏற்கெனவே அந்தப் ப்ரீமியத்தில், அதாவது ஆப்ஷன் வாங்கக் கொடுக்கும் பணத்தில், ஏறியிருக்கிறது என்று விளக்கிப் பார்த்தேன். எல்லோரும் மழை வரும் என்று நினைக்கும் நாளில் குடைக்கடைக்காரர் குறைத்து விற்பாரா? அவன் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நாள் கழித்து அவன் போட்டதில் பெரும்பகுதி போனபோது, என்னிடம் சொல்லவில்லை; அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. 2011-ல் எங்கள் அப்பா கேட்ட பேச்சைத்தான் அவனும் கேட்டிருக்கிறான், இந்த முறை பெஞ்சிலிருந்து வராமல் டெலிகிராமிலிருந்து வந்திருக்கிறது. அப்பாவுக்கு ஏழு ஆண்டு கழித்துத் தெரிந்தது இவனுக்கு, அந்த வார ஆப்ஷன் முடியும் ஒரு வியாழக்கிழமைக்குள் தெரிந்துவிட்டது.

அந்த 2024 ஆகஸ்டில் ரப்பர் விலை மறுபடி 240-ஐத் தாண்டியிருந்தது, 13 ஆண்டுக்குப் பிறகு. மழை விடாததால் பால் வெட்டு நடக்காமல் சரக்கு குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, மேற்கே கிடக்கும் வயலைத் திருத்தித் தை நடலாமா என்று அப்பாவிடம் யோசனை கேட்டார். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. வெட்டுக்கு வரும் வருஷத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். 2031 வந்தது. அப்புறம் எழுந்துபோய், எங்கள் மரங்களில் கட்டியிருந்த மழைக்காப்பு பிளாஸ்டிக் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.